புதுப்பிப்பு: அம்மாவின் ஊரைப் பார்த்துவிட்டேன்

கனடாவில் பிறந்த நான் அம்மாவின் திருகோணமலைக்கு முதன்முறை போகிறேன், எங்கே தொடங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் தொடங்கு என்றவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

சதுரமான ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சூடு. இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்பது ஐதீகம். அம்மப்பாவின் அந்தியேட்டியும் (இறந்தவருக்குச் செய்யும் கிரியை) இங்கேதான் நடந்ததாம். வாளியில் அள்ளித் தலையில் ஊற்றியபோது அழுதுவிட்டேன்.

கோட்டைக்குள் மான்களைக் கடந்து கோணேசர் கோயிலுக்கும் போனேன். சம்பந்தர் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்துவிட்டார்கள்.

உப்புவெளியில் அம்மாவின் வீடு இப்போது இல்லை, கிணறு மட்டும் நிற்கிறது. வீடியோ அழைப்பில் காட்டினேன். “கயிறு உரசின தடம் இருக்கிறதா, பார்” என்றார் அம்மா. இருந்தது, விரல் புதையும் ஆழத்தில்.