பிராட்பேண்ட் விழுந்தால் பிபிஎக்ஸ் சர்வருக்குள் நுழைய மாற்று வழி: 4ஜி டாங்கிள் கைகொடுக்கவில்லை

மதுரைக்காரன்:
வணக்கம். திருநெல்வேலியில் ஒரு சிறிய மருத்துவமனையின் ஃபோன் சிஸ்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பிபிஎக்ஸ் (அலுவலக ஃபோன் எக்ஸ்சேஞ்ச்) சர்வரில் ஓடுவது ஆஸ்டெரிஸ்க் மென்பொருள், அதை நிர்வகிக்க மேலே ஃப்ரீபிபிஎக்ஸ். நான் இருப்பது மதுரையில். போன வாரம் ஃபயர்வாலில் ஒரு விதியை மாற்றினேன், அடுத்த நொடி என் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் இணைப்பு) உறைந்துவிட்டது. வார்டுகளுக்குள் ஃபோன் அடித்தது. வெளி அழைப்பு ஒன்றும் ரிசப்ஷனுக்கு வரவில்லை. பஸ் பிடித்துப் போய்ச் சரிசெய்ய நாலு மணி நேரம் ஆனது. அதற்குள் அவசரத்துக்கு யார் யார் கூப்பிட்டார்களோ என்று இன்னும் மனசு உறுத்துகிறது.

அதனால் 4ஜி டாங்கிள் ஒன்றை சர்வரில் செருகி, வெளியிலிருந்து வரும் இணைப்பை சர்வருக்குத் திருப்பிவிட போர்ட் ஃபார்வர்ட் போட்டேன். வெளியே பிங் போகிறது. ஆனால் வெளியிலிருந்து நுழைய முடியவில்லை. எங்கே தப்பு?

கோவை லினக்ஸ்:
டாங்கிளின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் என்ன ஐபி காட்டுகிறது?

மதுரைக்காரன்:
100.72 என்று ஆரம்பிக்கிறது அண்ணா. வெளித்தளத்தில் பார்த்தால் வேறு ஐபி.

கோவை லினக்ஸ்:
அதுதான் விஷயம். 100.64 முதல் 100.127 வரை உள்ளவை மொபைல் கம்பெனி தன் நெட்வொர்க்குக்குள் கொடுக்கும் முகவரிகள். ஒரே பொது ஐபியின் பின்னால் பல பேர் இருக்கிறீர்கள். உங்கள் பக்கம் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பு வந்து சேராது.

திசையைத் திருப்புங்கள், சர்வரே வெளியே கூப்பிடட்டும். சின்னதாக ஒரு கிளவுட் சர்வர் எடுத்து, ஆட்டோஎஸ்எஸ்ஹெச் (அறுந்தால் தானே திரும்ப இணைக்கும் கருவி) மூலம் பிபிஎக்ஸிலிருந்து அதற்கு ரிவர்ஸ் டனல் போடுங்கள்; உள்ளிருந்து திறந்த அந்த இணைப்பு வழியாகவே நீங்கள் திரும்ப உள்ளே வரலாம். கிளவுடின் 2222 போர்ட்டைத் தட்டினால் பிபிஎக்ஸின் 22 (எஸ்எஸ்ஹெச் போர்ட்) திறக்க வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: கிளவுடின் ஐபிக்கு மட்டும் டாங்கிள் வழியாக ஸ்டாடிக் ரூட் (நிலையான பாதை) போட வேண்டும், மற்ற எல்லாவற்றுக்குமான டீஃபால்ட் ரூட் பிராட்பேண்டிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் டனலும் பிராட்பேண்டிலேயே ஓடி, அதோடு சேர்ந்து விழும்.

இரவுப்பணி:
அவசரத்தில் பிராட்பேண்ட் ரவுட்டரில் 22-ஐயும் 5060-ஐயும் (இணைய ஃபோன் அழைப்புக்கான எஸ்ஐபி போர்ட்) ஊருக்கே திறந்துவிடாதீர்கள் தம்பி. 5060-ஐத் தேடி இரவு பகலாக ஆட்கள் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளே புகுந்தால் வெளிநாட்டு அழைப்புகளுக்கான பில் மருத்துவமனை தலையில் விழும். டனலுக்கு எஸ்எஸ்ஹெச் சாவிக்கோப்பு மட்டும், பாஸ்வேர்டு வேண்டாம்.

அப்புறம், ஃபயர்வாலில் கை வைக்கும் முன் பழைய விதிகளைச் சேமித்து, 10 நிமிடத்தில் தானாகவே திரும்ப ஏற்ற ஒரு "அட்" வேலை (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் லினக்ஸ் வசதி) போட்டுவிடுங்கள். மாற்றம் சரியாக இருந்தால் அதை ரத்து செய்துகொள்ளலாம்.

மதுரைக்காரன்:
டனல் வேலை செய்கிறது! ரிசப்ஷன் அக்காவை ஃபோனில் வைத்துக்கொண்டு ஃபைபர் கேபிளைப் பிடுங்கச் சொன்னேன், நான் உள்ளேயே இருந்தேன். ஆனால் டாங்கிளைக் கழற்றி மாட்டினால் டனல் திரும்ப வரவில்லை. லாகில் "ரிமோட் போர்ட் ஃபார்வர்டிங் ஃபெயில்ட்" என்று வருகிறது.

கோவை லினக்ஸ்:
கிளவுட் பக்கம் பழைய இணைப்பு செத்தது தெரியாமல் 2222-ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே எஸ்எஸ்ஹெச் கான்ஃபிகில் கிளையன்ட்அலைவ்இன்டர்வெல் 30, கிளையன்ட்அலைவ்கவுன்ட்மேக்ஸ் 3 (30 நொடிக்கு ஒருமுறை கேட்டு, மூன்று முறை பதில் இல்லை என்றால் இணைப்பை விட்டுவிடும்). பிபிஎக்ஸ் பக்கம் சர்வர்அலைவுக்கும் அதே எண்கள், கூடவே எக்ஸிட்ஆன்ஃபார்வர்ட்ஃபெயிலியர் யெஸ் (போர்ட் கிடைக்காவிட்டால் வெளியேறி மறுபடி முயலும்). ஒன்றரை நிமிடத்தில் பழைய பிடி விடும், புதியது நுழையும்.

இரவுப்பணி:
பிபிஎக்ஸே தொங்கிவிட்டால் டனலும் போச்சு. டாங்கிளையும் டனலையும் ஒரு ராஸ்பெரி பைக்கு (கையடக்கச் சிறு கணினி) மாற்றுங்கள். அதிலிருந்து சர்வருக்கு ஒரு சீரியல் கேபிள் இழுத்து, சர்வரில் சீரியல் கன்சோலை (அந்தக் கேபிள் வழியாகத் திரையைக் காட்டும் வசதி) இயக்கிவிட்டால், பூட் ஆகும்போதே பார்க்கலாம். சிம் ப்ரீபெய்டா? வேலிடிட்டி தேதியைக் குறித்து வையுங்கள். என் சைட் ஒன்றில் எல்லாம் சரியாக இருந்தும் ரீசார்ஜ் தீர்ந்து டனல் செத்துக் கிடந்தது. தேவைப்பட்ட ராத்திரிதான் எனக்கே தெரிந்தது.

மதுரைக்காரன்:
எண்களை மாற்றிவிட்டேன். டாங்கிளைக் கழற்றி மாட்டச் சொன்னேன், இரண்டு நிமிடத்தில் டனல் திரும்பிவிட்டது. சிம் ப்ரீபெய்டுதான், 28 நாள் பிளான். இன்றே மருத்துவமனை அக்கவுன்ட்ஸில் சொல்லி வருட பிளானுக்கு மாற்றுகிறேன். ராஸ்பெரி பையை அடுத்த முறை போகும்போது வைக்கிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.