ஒரு பங்குக்குப் பத்து ஓட்டு: விளக்க உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களை உண்மையில் யார் ஆள்கிறார்கள் என்று மாணவர்களுக்கு ஒரு சிறு உரை தயாரித்துக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவில் இரண்டு வகைப் பங்குகள் உண்டு. நிறுவனத்தின் முடிவுகளில், சந்தையில் யாரும் வாங்கக்கூடிய ஏ வகைப் பங்கு ஒன்றுக்கு ஒரு ஓட்டு, பி வகைக்குப் பத்து. பி வகையில் மிகப் பெரும்பகுதி அதன் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் கையில். அதனால் பங்குகளில் சிறுபகுதியை மட்டும் வைத்துக்கொண்டே பாதிக்கு மேற்பட்ட ஓட்டுகள் அவரிடம் இருக்கின்றன. மற்றப் பங்குதாரர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்தாலும் அவரைத் தோற்கடிக்க முடியாது. 2012-இல் இன்ஸ்டாகிராம், 2014-இல் வாட்ஸ்அப் என்று வாங்கியதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. கோடிக்கணக்கானவர்கள் பேசிக்கொள்ளும் இடங்கள் ஒரே மனிதரின் முடிவில் நிற்கின்றன. 2019-இல் தனியுரிமை மீறலுக்காக அமெரிக்காவில் 500 கோடி டாலர் அபராதம் விழுந்தது, தலைமை அசையவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். பங்குச் சந்தையே தெரியாத பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்த ஓட்டுக் கணக்கை எந்த உவமையால் சொல்லலாம்? இந்த முறைக்கு நல்ல தமிழ்ச் சொல் ஏதும் புழக்கத்தில் இருக்கிறதா?

அப்புறம், நிறுவனர் கையில் பிடி இருந்தால்தான் நீண்டகாலத் திட்டங்கள் நடக்கும் என்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனாலும் மாணவர்களிடம் அதை நேர்மையாக வைக்க வேண்டும். அப்படி நினைப்பவர்கள் உங்கள் காரணங்களைக் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.