பாச்சலூர், தாண்டிக்குடி வழியாகத் தனியாக சைக்கிளில் கொடைக்கானல் ஏறுவோருக்கு

வத்தலக்குண்டு சாலையில் சுற்றுலா வண்டிகளோடு முட்டி மோதி ஏறுவதைவிட, ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு, பரப்பலாறு அணை, பாச்சலூர், தாண்டிக்குடி என்று போய்ப் பெருமாள்மலையில் பெரிய சாலையைப் பிடிப்பது சைக்கிளுக்கு எவ்வளவோ மேல். காப்பித் தோட்டங்களுக்கு இடையே நிழல் கிடைக்கும், வண்டியும் குறைவு. ஏற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட யோசிக்க வேண்டியது, சைக்கிள் சத்தமே இல்லாமல் போகிறது என்பதை.

பைக், ஜீப் வருவது காட்டுமாட்டுக்குத் தூரத்திலேயே கேட்டுவிடும், ஒதுங்கிக்கொள்ளும். சைக்கிளை வளைவு திரும்பி, பத்து மீட்டருக்குள் வந்த பிறகுதான் அது பார்க்கும். மிரண்ட மாடுதான் முட்டும். வளர்ந்த ஆண் மாடு 800 கிலோவைத் தாண்டும். அதனால் எதிர்ப்பக்கம் தெரியாத ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் மணியை அடியுங்கள், இல்லாவிட்டால் உரக்கப் பேசிக்கொண்டே போங்கள். மாட்டைப் பார்த்துவிட்டால் நின்றுவிடுங்கள். ஒன்று சாலையைக் கடந்தால் பின்னால் கன்றும் கூட்டமும் வரும். கடைசி மாடும் கடக்கும்வரை இடையில் நுழையக் கூடாது. விடிந்து வெயில் ஏறும்வரையும் மாலை நான்கரைக்குப் பிறகும் அவை மேய்ச்சலுக்கு இறங்கும் நேரம். ஏழு மணிக்கு அடிவாரத்தை விட்டால் போதும், அதற்கு முன் வேண்டாம்.

———

மேலே எழுதிய அண்ணன் சொன்னது மாட்டுக்குச் சரி. யானைக்கு வேறு கணக்கு. அணையை ஒட்டிய பகுதியில், குறிப்பாகக் கோடையில் தண்ணீர் தேடி வரும். சாலையில் கிடக்கும் சாணத்தைப் பாருங்கள்: மேலே காய்ந்து வெளுத்திருந்தால் பழையது, ஈரமாக ஆவி பறந்தால் பக்கத்திலேயே நிற்கிறது. புதிதாக முறிந்த மூங்கிலும் அதே சேதியைத்தான் சொல்லும்.

யானை கண்ணில் பட்டுவிட்டால் மணி, விசில், கத்தல் எதுவும் கூடாது. குறைந்தது நூறு மீட்டர் தள்ளி நின்று, சைக்கிளை இறக்கப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் சுமையோடு மணிக்கு ஆறேழு கிலோமீட்டர்தான் மிதிக்க முடியும். யானை இருபதுக்கு மேல் ஓடும். எனவே தப்பிக்கும் திசை வந்த வழிதான். பஸ்ஸோ காய்கறி வண்டியோ வரும்வரை காத்திருந்து அதை ஒட்டியே கடப்பது ஊர்க்காரர்கள் செய்வது. அரை மணி நேரம் போனால் போகட்டும். முன்னால் என்ன நிற்கிறது என்று டீக்கடையில் கேட்டால் சரியாகச் சொல்வார்கள், கேட்காமல் எந்த ஊரையும் தாண்டாதீர்கள்.

———

விலங்கு பற்றி மேலே இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள், சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம். கியரில் முன்னால் சின்னச் சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய சக்கரத்தில் 34 பல் என்றால் சுமையில்லாத சைக்கிளுக்கு ஓடும். பத்து கிலோ சுமையோடு கொண்டை ஊசி வளைவின் உள்பக்கத்தில் முழங்கால் கெட்டுவிடும். முன்னால் 30, பின்னால் 36 இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறலாம். எதிரில் வண்டி இல்லாதபோது வளைவின் வெளிவட்டமாகப் போனால் சரிவு குறையும்.

ஆபத்து இறக்கத்தில்தான் அதிகம். பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்கினால் சூடு ஆறவே நேரமில்லை. ரிம் பிரேக்கில் ரிம் (சக்கர விளிம்பு) கொதித்து ட்யூப் வெடிக்கும், டிஸ்க்கில் ரெசின் (பிசின் கலந்த) பிரேக் பேட் பளபளப்பாகி வழுக்கும். நேர்ச்சாலையில் விட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, உடனே விட வேண்டும். லீவர் கைப்பிடி வரை வரத் தொடங்கினாலோ கருகல் வாடை வந்தாலோ பத்து நிமிடம் நிறுத்துங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது வளைந்துவிடும். மதியத்துக்கு மேல் மூட்டம் இறங்கினால் ரிம் நனைந்திருக்கும். முதல் ஓரிரு சுற்று ஈரத்தைத் துடைக்கவே போய்விடும், அதனால் வழக்கத்தைவிட முன்னதாகவே அழுத்துங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மண் சரிவும் மரம் விழுவதும் அப்போதுதான். ஜனவரி, பிப்ரவரி நல்லது.

கையில் இரண்டு ட்யூப், ஒட்டும் சாமான், பம்பு, செயின் இணைப்பு ஒன்று, ஒரு ஜோடி பேட், ஒரு கியர் கேபிள் இருக்கட்டும். பலர் மறப்பது டெரெய்லர் ஹேங்கர், அதாவது பின் கியர் மாற்றியைச் சைக்கிள் சட்டத்தோடு பிணைக்கும் சின்னத் துண்டு. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான். மாடலுக்கு மாடல் வேறுபடும், மலையில் எங்கும் கிடைக்காது. வழியில் இருப்பதெல்லாம் பைக் பஞ்சர் கடைகள். உங்கள் ட்யூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வ் இருந்தால் அவர்கள் காற்றுக்குழாய் அதில் பொருந்தாது. சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே திருகி வைத்துக்கொள்ளுங்கள்.