எழுதும் பிள்ளைகளுக்குத் துணையிருப்போர் பயிற்சி: முதல் வரைவுகள் தேவை

வணக்கம். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்புப் பிள்ளைகளை எழுதவைக்கும் தன்னார்வலர்களுக்கு 2 நாள் பயிற்சி தயாரிக்கிறோம். தன்னார்வலர் ஒருவருக்கு 4 பிள்ளைகள், 40 நிமிடம்.

பெரும்பாலும் சறுக்குவது ஓரிடத்தில்தான். தாளை வாங்கியதும் ர, ற பிழைக்குக் கை சிவப்புப் பேனாவைத் தேடும். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை, பிழை வராத சொற்களாகப் பார்த்து 3 வரியில் முடித்துவிடும். ஆகவே முதல் வரைவில் பேனாவே வேண்டாம். பிள்ளை உரக்க வாசிக்கட்டும், “அப்புறம் என்ன ஆச்சு?”, “அங்க என்ன சத்தம் கேட்டுச்சு?” என 2 கேள்வி போதும். திருத்தம் மூன்றாம் வரைவில், அதுவும் ஒரே வகைப் பிழை. உரையாடலில் வரும் வட்டாரப் பேச்சைத் தொடவே கூடாது.

இதைப் பழக 30 முதல் வரைவுகள் தேவை. பள்ளிக் கல்வித் துறையின் ‘தேன்சிட்டு’ மாணவர் இதழுக்குப் பிள்ளைகள் அனுப்பியவற்றின் கையெழுத்துப் படி கிடைத்தால் மிக நல்லது. அச்சில் வந்த வடிவம் உதவாது. ஆசிரியர்களே, பெற்றோர் ஒப்புதலோடு, பெயரை மறைத்துப் படமெடுத்து அனுப்புவீர்களா?