கோஃபரில் தமிழ்த் தளம் நடத்துவது: கொள்கையா, வீம்பா?

துறை_எழுபது
என் தளத்தை மூடிவிட்டு எல்லோரையும் போல வலைப்பதிவு தொடங்கச் சொல்லி நண்பர் ஒருவர் அக்கறையோடு எழுதியிருக்கிறார். அவருக்குத் தனியாகச் சொல்வதைவிடப் பொதுவில் சொல்லிவிடுகிறேன். சண்டைக்கு வருபவர்களும் வரட்டும்.

தெரியாதவர்களுக்கு: கோஃபர் என்பது அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்கேஹில் குழுவினர் 1991இல் உருவாக்கிய, இணையத்தில் கோப்புகளைத் தேடிப் படிப்பதற்கான நெறிமுறை. உங்கள் நிரல் சர்வரின் போர்ட் 70 என்ற வாசலில் இணைந்து, வேண்டிய கோப்பின் பாதையை ஒரே வரியில் அனுப்பும். சர்வர் கோப்பைக் கொடுத்துவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். குக்கி, ஸ்கிரிப்ட், விளம்பரம் எதற்கும் அதில் இடமே கிடையாது. அங்கே சங்கப் பாடல்களுக்கு நான் எழுதும் குறிப்புகள், எங்கள் ஊர்க் கிணற்றின் நீர்மட்டக் கணக்கு, அம்மாவின் சமையல் குறிப்புகள் ஆகியவற்றை வெறும் உரைக் கோப்புகளாக வைத்திருக்கிறேன். மூடுவதாக இல்லை.

கல்வெட்டு
இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2002இல் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தோடு கோஃபரை முடக்கியது. ஃபயர்ஃபாக்ஸ் 2011இல் நான்காம் பதிப்போடு கைகழுவியது. இன்றைக்குப் பெரிய பிரவுசர் எதிலும் உங்கள் முகவரியைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. ஊருக்கு வெளியே பந்தி விரித்துவிட்டு, அதையும் பெருமையாகச் சொல்கிறீர்கள்.

வெறும் உரைதானே வேண்டும்? எச்டிஎம்எல்லில் போடுங்கள். ஸ்கிரிப்ட் சேர்த்தே ஆக வேண்டும் என்று வலையில் சட்டமா இருக்கிறது?

துறை_எழுபது
சட்டம் இல்லைதான். ஆனால் சபலம் இருக்கிறது. வலையில் எளிமை என்பது நான் ஒவ்வொரு நாளும் கட்டிக்காக்க வேண்டிய ஒழுங்கு. இன்றைக்கு ஓர் எழுத்துருவை இணைப்போம், நாளைக்கு வாசகர் எண்ணிக்கை பார்ப்போம் என்று கை ஊறும். கோஃபரில் எளிமை என் ஒழுக்கத்தைச் சார்ந்ததல்ல, நெறிமுறையே அப்படித்தான்.

என் பராமரிப்பு வேலை முழுவதும் ஒரு மெனுக் கோப்பு. வரியின் முதல் எழுத்து வகையைச் சொல்லும்: 0 என்றால் உரை, 1 என்றால் இன்னொரு மெனு, 7 என்றால் தேடல், 9 என்றால் பைனரி, அதாவது திரையில் காட்டாமல் பதிவிறக்க வேண்டிய கோப்பு. அடுத்து, வாசகர் கண்ணில் படும் தலைப்பு. பிறகு ஒரு டேப், கோப்பின் பாதை, டேப், சர்வர் பெயர், டேப், போர்ட் எண். டேப் இருக்க வேண்டிய இடத்தில் எடிட்டர் அதிமேதாவித்தனமாக நான்கு இடைவெளிகளைப் போட்டுவிட்டால் அந்த வரி இணைப்பாக வராது. இதைத் தவிரக் கவனிக்க ஒன்றுமில்லை. மேம்படுத்தச் சொல்லி நச்சரிக்கும் செருகுநிரல் கிடையாது, நள்ளிரவில் உடையும் டேட்டாபேஸ் கிடையாது.

நிலாமுற்றம்
கோஃபர் தோற்றது தொழில்நுட்பக் குறையால் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1993இன் தொடக்கத்தில், தங்கள் சர்வர் மென்பொருளுக்குச் சிலரிடம் உரிமக் கட்டணம் வாங்கப்போவதாக மின்னசோட்டா அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30இல், வலை பிறந்த ஆய்வகமான செர்ன், வலையின் மென்பொருளைப் பொதுவுடைமையாக்கியது. இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துக் கேட்ட கணினித் துறையினர் எந்தப் பக்கம் போவார்கள்? 2000இல் பல்கலைக்கழகம் கோஃபர் மென்பொருளை ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டபோது ஆட்டம் முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

கல்வெட்டு
பாதிக் கதை. அதே 1993இல் மொசைக் பிரவுசர் வந்தது, உரைக்கு நடுவே படம் காட்டியது. கோஃபரில் படம் தனிக் கோப்பு, இணைப்பும் மெனுவில் மட்டும். ஒரு கட்டுரையின் நடுவில் ஒரு சொல்லிலிருந்து இன்னொரு கட்டுரைக்குப் போக முடியாது. உரிமம் இலவசமாகவே இருந்திருந்தாலும் மக்கள் போயிருப்பார்கள்.

துறை_எழுபது
கட்டுரையின் நடுவில் இணைப்பு இல்லாததுதான் எனக்குப் பிடித்ததே. வாசகர் கடைசி வரி வரை என்னோடு இருப்பார்.

ஏட்டுச்சுவடி
வரலாற்றுச் சண்டையை விடுங்கள். இவர் எழுதுவது தமிழில் என்பதை யாருமே பேசவில்லை.

கோஃபரின் விதிகள் ஆர்எஃப்சி 1436 என்ற இணைய விதி ஆவணமாக 1993 மார்ச்சில் வெளியாயின. அதில் மெனுத் தலைப்பைப் பற்றி என்ன இருக்கிறது தெரியுமா? எட்டு பிட் எழுத்துகளைப் பயன்படுத்தினால் அவை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 தொகுதியைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும், வரி 70 எழுத்துக்குள் அடங்க வேண்டும். கென் தாம்சனும் ராப் பைக்கும், யூனிகோட் எழுத்துகளைக் கோப்பில் பதியும் யூடிஎஃப்-8 முறையை வகுத்ததே 1992 செப்டம்பரில்தான் என்பதால் விதி எழுதியவர்கள் மீது குற்றமில்லை. ஆனால் விளைவு என்ன? கோப்பு எந்தக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துக்கு எண் தரும் எந்த முறையில் இருக்கிறது என்று சர்வர் வாசகரின் நிரலுக்குச் சொல்ல, அந்த நெறிமுறையில் ஓர் இடம்கூட இல்லை. வலையின் நெறிமுறையான எச்டிடிபியில் ஒற்றைத் தலைப்பு வரி போதும்.

இது எவ்வளவு பெரிய குறை என்பது தமிழர்களுக்குத்தான் நன்றாகத் தெரிய வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியில் ஆளுக்கொரு குறியாக்கம் வைத்திருந்தோம். சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியாக்கங்கள் வந்தன. மடற்குழுக்களில் திஸ்கி என்ற இன்னொன்று ஓடியது. பத்திரிகைத் தளங்கள் தங்கள் எழுத்துருவை நிறுவினால்தான் படிக்க முடியும் என்று அடம்பிடித்தன. யூனிகோட் பரவிய பிறகு அந்தப் பக்கங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் கொக்கிகளும் கலந்த குப்பைதான் தெரிந்தது.

அப்படிப்பட்ட கோப்புகளை மாற்றிக்கொடுக்கும் வேலையை நான் செய்திருக்கிறேன். ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டுகள். யூனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி பிறகு. கோப்பு திஸ்கி என்று தெரிந்தால் ஒரு சிறு நிரல் வரிசையை மாற்றிவிடும். தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டும், ஊகம் தவறினால் எகரமும் ஏகாரமும் பக்கத்து எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தன என்றால், எந்த நூல் எதில் இருக்கிறது என்று அங்கே எழுதிவைத்திருந்ததுதான் காரணம். நீங்களோ அதைச் சொல்ல வழியில்லாத நெறிமுறையில் தமிழை வைத்துவிட்டு, கவனிக்க ஒன்றுமில்லை என்கிறீர்கள்.

துறை_எழுபது
நியாயமான கேள்வி, முதல்முறையாக. ஆனால் திஸ்கியின் நிலை வேறு, யூடிஎஃப்-8இன் நிலை வேறு. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், முதல் பைட்டுக்கும் தொடரும் பைட்டுகளுக்கும் தனித்தனி வடிவம். வேறு குறியாக்கத்தில் உள்ள தமிழ்க் கோப்பு தற்செயலாக முறையான யூடிஎஃப்-8ஆக அமைவது மிக மிக அரிது. சர்வர் சொல்லாவிட்டாலும் கோப்பே தன்னைக் காட்டிக்கொடுக்கும். போதாததற்கு, மெனுவின் தலைப்பிலேயே குறியாக்கத்தின் பெயரை எழுதியிருக்கிறேன். லத்தீன்-1 விதியை மீறுகிறேனா? ஆம். இன்றைய கோஃபர் ஆர்வலர்கள் பெரும்பாலோர் மீறுகிறார்கள், போலீஸ் வரவில்லை.

வடமீன்
இரண்டு பேரும் ஜெமினி என்ற நெறிமுறையை மறந்துவிட்டீர்களா? 2019இல் வந்தது, கோஃபரின் எளிமையை வைத்துக்கொண்டு ஓட்டைகளை அடைத்தது. போர்ட் 1965, இணைப்பை மறையாக்கிக் காக்கும் டிஎல்எஸ் கட்டாயம். பதிலின் முதல் வரியிலேயே கோப்பின் வகை, குறியாக்கம், விரும்பினால் மொழி வரை சொல்லலாம். எதுவும் சொல்லாவிட்டால் யூடிஎஃப்-8. ஏட்டுச்சுவடி கேட்டது அப்படியே இருக்கிறது. வாசகருக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பவர் உங்கள் பாடலில் ஒரு சீரை மாற்றினால் கோஃபரில் யாருக்கும் தெரியாது. ஜெமினியில் அது நடக்காது.

துறை_எழுபது
சங்கப் பாடலில் சீரை மாற்ற ஒருவர் கம்பியில் காத்திருந்தால் அவருக்கு என் வணக்கம். அவரே முதல் தீவிர வாசகராக இருப்பார்.

ஜெமினியை மதிக்கிறேன். ஆனால் டிஎல்எஸ் வந்ததும் எளிமை போய்விட்டது. கோஃபர் வாசிப்பு நிரலை ஒரு மாலை நேரத்தில் நீங்களே எழுதலாம், எந்தச் சர்வரோடும் நேரடியாகப் பேச உதவும் நெட்கேட் என்ற சிறு கருவி மட்டும் இருந்தால் அதுகூட வேண்டாம். டிஎல்எஸ்ஸை அப்படி எழுத முடியுமா? பெரிய நிரல் நூலகம் ஒன்றை நம்ப வேண்டும். பழைய பதிப்புகள் காலாவதியாகும். சான்றிதழை மாற்றினால் வாசகரின் நிரல் எச்சரிக்கை மணி அடிக்கும். ‘கவனிக்க ஒன்றுமில்லை’ என்று மேலே எழுதினேனே, அது போய்விடும்.

கல்வெட்டு
கேலி இருக்கட்டும். நேற்று ஒரு செயலியை நிறுவி, உங்கள் தளத்தைக் கைபேசியில் படித்துப் பார்த்தேன். கிணற்றுக் கணக்கு நன்றாக இருக்கிறது, எந்த மாதத்தில் எத்தனை அடி என்று இவ்வளவு சுத்தமான பட்டியலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் சமையல் குறிப்பு? வரிக்கு வரி நீங்களே வெட்டி வைத்திருப்பதால் கைபேசித் திரையில் ஒரு முழு வரி, அடுத்து ஒற்றைச் சொல், மறுபடி முழு வரி, மறுபடி ஒற்றைச் சொல். ‘கடுகு தாளித்து’ ஒரு வரியில், ‘இறக்கவும்’ தனியாக அடுத்த வரியில். புளிக்குழம்பு புதுக்கவிதையாகிவிட்டது. ஜெமினியில் பத்தியை ஒரே நீள வரியாக விட்டால் திரைக்கேற்ப நிரலே மடிக்கிறது, பாடலை மட்டும் அப்படியே காட்டச் சொல்ல முடிகிறது.

துறை_எழுபது
நீள வரியாக விட்டால் 80 எழுத்து அகல டெர்மினலில் படிப்பவருக்குச் சொல் நடுவில் உடையும். பல டெர்மினல்களில் தமிழின் துணைக்குறிகள் ஏற்கெனவே விலகித்தான் நிற்கின்றன, அதோடு இதுவும் சேர்ந்தால் படிக்கவே முடியாது. பாடல்களில் அடி பிரிப்பு என் உயிர், அதைத் தொட மாட்டேன். சமையல் குறிப்புகளை மட்டும் நீள வரியில் இன்னொரு பிரதியாக வைக்கிறேன்.

நிலாமுற்றம்
அப்படி இரண்டு பிரதி வைப்பதென்றால் அதே கோப்புறையை ஜெமினியிலும் எச்டிடிபியிலும் திறந்துவிடலாமே. பலர் அப்படித்தான் நடத்துகிறார்கள். கோஃபர் பக்கம் நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை.

துறை_எழுபது
கோப்புகள் யாருக்கும் பொது. வேண்டியவர் எடுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கட்டும், அனுமதி கேட்கவும் வேண்டாம். மூன்று சர்வரைக் காவல் காக்க எனக்கு மனமில்லை.

ஏட்டுச்சுவடி
எடுக்கத்தான் இப்போது உள்ளே போனேன். ‘பழையவை’ என்ற மெனுவில் உள்ள கோப்புகள் யூடிஎஃப்-8 அல்ல, திஸ்கி. தலைப்பிலோ யூடிஎஃப்-8 என்று போட்டிருக்கிறீர்கள்.

துறை_எழுபது
அவை மடற்குழுக் காலத்து மூலப் பிரதிகள். ஒரு பைட்டைக்கூட மாற்றாமல் வைத்திருப்பது வேண்டுமென்றே செய்தது. அவற்றின் யூனிகோட் வடிவம் முதல் மெனுவிலேயே இருக்கிறது.

ஏட்டுச்சுவடி
மூலப் பிரதி என்றால் வகை 9இல் போடுங்கள் ஐயா, வாசகர் பதிவிறக்கிக்கொள்வார். வகை 0 என்று போட்டால் என் நிரல் அதை உரை என்று நம்பித் திரையில் கொட்டுகிறது.