புதுப்பிப்பு: இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வயலில் நாய் விட்டு முயல் துரத்தியவர்கள்

நான் வேலை செய்யும் பண்ணையில், முளைவிட்ட கோதுமை வயலுக்குள் சிலர் வண்டியோடு நுழைந்து நாய்களை ஏவி முயல் துரத்துவதாகச் சந்தேகித்து, நவம்பரில் இங்கே யோசனை கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, நடந்துகொண்டிருக்கும்போதே அவசர எண்ணான 999-ஐ அழைக்கச் சொன்ன யோசனைதான். அதுவரை நாங்கள் எல்லாம் முடிந்த பிறகு, அவசரமில்லாத புகார்களுக்கான காவல்துறை எண் 101-இல் புகார் சொல்லிவந்தோம். டிசம்பரில் ஒரு ஞாயிறு காலை வண்டியைக் கண்டதும், அருகே போகாமல், எந்த இடத்தையும் மூன்று சொற்களால் குறிக்கும் வாட் த்ரீ வேர்ட்ஸ் செயலி காட்டிய சொற்களைக் கூறி அழைத்தேன். பக்கத்துப் பண்ணைக்காரர் வண்டி எந்தச் சாலையில் திரும்பியது என்பதை வாட்ஸாப் குழுவில் உடனுக்குடன் தெரிவித்ததால், காவலர்கள் வழியிலேயே மறித்து இரண்டு நாய்களையும் கைப்பற்றினர்.

முயல் எதுவும் சிக்காததால் வழக்கு நிற்காதோ என்று அஞ்சினேன். ஆனால் 2004-ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டத்தோடு, 2022 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, நாய் கொண்டு முயலைத் தேடும் நோக்கத்தோடு அத்துமீறி நுழைவதே குற்றம். அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ வரம்பில்லா அபராதமோ உண்டு. பிடிபட்ட நாய்களின் பராமரிப்புச் செலவையும் குற்றவாளியிடம் வசூலிக்க நீதிமன்றம் ஆணையிடலாம். இதுதான் அவர்களுக்கு உண்மையில் உறைக்கும் என்று நினைக்கிறேன்.

வாயிலைக் கான்கிரீட் கட்டையால் அடைத்த யோசனை மட்டும் போதவில்லை. வேலிப் புதரை முறித்து வேறு வழி செய்திருந்தார்கள். சக்கரத்தடங்களில் நீர் தேங்கி, நாற்று மஞ்சளாகிக் கிடக்கிறது. வேலியின் அந்த இடைவெளியில் இப்போது பள்ளம் வெட்டியிருக்கிறோம். வழக்கு இன்னும் முடியவில்லை.