பீரில் காக்டெய்ல் கலக்கும்போது கசப்பும் நுரையும் கைமீறுவது ஏன்?

கேள்வி (கலவைப்பித்தன்):
வணக்கம். ஜின், ரம் ஆகியவற்றில் ஓரளவு காக்டெய்ல் கலக்கப் பழகியவன் நான். சென்ற வாரம் முதன்முறையாகப் பீரில் முயன்று இருமுறை தோற்றேன். ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, ஐஸ் ஆகியவற்றோடு ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) வகைப் பீரையும் ஷேக்கரில் ஊற்றிக் குலுக்கியபோது, நான்காவது குலுக்கலிலேயே மூடி தெறித்து, பாதிக்கு மேல் என் சட்டையில் இறங்கியது. மறுமுறை குலுக்காமல் கரண்டியால் நெடுநேரம் கலக்கினேன். நுரை அடங்கிப்போய், கஷாயம்போல நாக்கில் கசப்பு நின்றதே தவிர, ஜின்னின் மணம் தெரியவே இல்லை. பிழை முறையிலா, பொருளிலா என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (நுரைக்கணக்கர்):
நண்பரே, இரண்டிலும்தான். முதல் பிழை எல்லாரும் ஒருமுறை செய்வது. என் சட்டையும் அதைக் கண்டிருக்கிறது. பீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு குலுக்கும்போது ஒரேயடியாக வெளியேறப் பார்க்கும். மூடிய ஷேக்கரில் அதற்குப் போக்கிடம் இல்லை. ஆகவே ஜின், சாறு, பாகு ஆகிய மூன்றை மட்டும் ஐஸோடு குலுக்கி, உயரமான கிளாஸில் வடித்து, அதைச் சாய்த்துப் பிடித்து, உள்பக்கமாக வழியும்படி பீரைக் கடைசியில் ஊற்றுங்கள். பாகு கனமானது என்பதால் அடியில் தங்கும். நீளக் கரண்டியை அடிவரை இறக்கி ஒரே ஒருமுறை மேலே தூக்கினால் போதும். பீரும் கிளாஸும் நன்கு குளிர்ந்திருக்கட்டும். சூடு ஏற ஏற வாயு பீரில் தங்காது.

மறுமொழி (ஹாப்ஸ்நேசன்):
கசப்பைப் பற்றி நான் சொல்கிறேன். பிட்டர்ஸ் என்னும் கசப்பு மூலிகைச் சாரம் சில சொட்டுகளில் செய்யும் வேலையை, ஐபிஏவில் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூக்கள் ஒரு பாட்டில் அளவுக்குச் செய்துவிடுகின்றன. அதன்மேல் எலுமிச்சைப் புளிப்பும் ஏறினால் கசப்பு துருத்திக்கொண்டு நிற்கும். பெல்ஜியத்தின் விட்பியர் என்னும் கோதுமை பீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் காய்ச்சும்போதே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ப்பது வழக்கம். ஜின்னுக்கு மணமூட்டும் பொருள்களிலும் கொத்தமல்லி விதை பெரும்பாலும் இருப்பதால், இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும். 30 மில்லி ஜின், சாறும் பாகும் 15 மில்லி வீதம், பீர் 150 மில்லி என்பது என் அளவு.

உப்பும் கசப்பை மட்டுப்படுத்தும். லாகர் என்னும் இளநிறப் பீர், எலுமிச்சை, காரம் மூன்றும் கூடிய மெக்சிகோவின் மிச்செலாடாவில் உப்பைக் கிளாஸின் விளிம்பில் பூசுவார்கள். அதைப் பீருக்குள் கொட்டிவிடாதீர்கள், ஒவ்வொரு உப்புத்துகளும் குமிழிக்கு வித்தாகிப் பொங்கி வழியும். ஐபிஏவைக் கொதிக்கவைத்துப் பாகாக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். நீர் வற்ற வற்றக் கசப்புதான் திரளும். அந்த வேலைக்கு, வறுத்த தானியத்தில் காய்ச்சும் கறுத்த பீரான ஸ்டவுட்டே தகுந்தது.

மறுமொழி (அளவறிந்தவன்):
ஒரு மாற்றுக் கருத்து. 5 விழுக்காட்டுப் பீர் 330 மில்லியில் தூய ஆல்கஹால் 16.5 மில்லி. அதில் 40 விழுக்காட்டு ஜின் 45 மில்லி சேர்த்தால் இன்னும் 18 மில்லி கூடுகிறது. ஒரே கிளாஸ்தான், ஆனால் உள்ளே இரண்டு பீருக்கு மேல் இருக்கிறது. பாகின் இனிப்பு அதை நாக்குக்குக் காட்டிக்கொடுக்காது. பீர்க் கலவைக்கு வேறு மது தேவை என்பதே எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மானியர்களின் ராட்லர் பாதி பீர், பாதி எலுமிச்சை சோடா. 5 விழுக்காடு 2.5 ஆகிறது, சுவையும் குறைவதில்லை.

கலவைப்பித்தன்:
மூவருக்கும் நன்றி. நேற்று 30 மில்லி ஜின், 150 மில்லி பீர் என்ற அளவையே பின்பற்றினேன். மேற்சொன்ன கணக்கின்படி ஆல்கஹால் 19.5 மில்லிதான், ஒரு பீரைவிடச் சற்றே அதிகம். கரண்டியைத் தூக்கியபோது அடியிலிருந்த பாகு நூல்நூலாக மேலேறிக் கரைந்தது. ஜின்னின் மணமும் முதல் மிடறிலேயே தெரிந்தது. ஆசை விடாமல் ஆரஞ்சுத் தோலை நுரைக்கு மேலே பிடித்து முறுக்கினேன். அதன் எண்ணெய் தெறித்த இடங்களில் மட்டும் நுரை உடைந்து குழி விழுந்தது. அடுத்த முறை தோலை ஷேக்கருக்குள்ளேயே போட்டுக் குலுக்கிப் பார்க்கப்போகிறேன்.